பத்து விரலுக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட்

தாம்பரம் தாண்டியதுமே ரயிலில் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுவிட்டார்கள். எழும்பூர் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்தும் நிற்பது நம் ஜனங்களின் வழக்கம். நான் மட்டும் இடத்தை விட்டு எழாமல், விசா மையம் அனுப்பியிருந்த தாளை இன்னொரு முறை படித்துக்கொண்டிருந்தேன். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவளுக்கு எந்தத் தாளையும் ஒரு முறை படித்ததோடு விட மனம் வராது. ஏற்கெனவே பல முறை படித்தும் கண்ணில் படாத ஒரு வரி இரண்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருந்தது. கைரேகை கொடுக்க வருபவர்களின் விரல் நுனியில் காயமோ, மருதாணி போன்ற அலங்காரமோ இருக்கக் கூடாது.

தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தேன். எதிர் இருக்கையில் என் அக்கா செல்வி ஜன்னல் வழியாகப் பல்லாவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் மடியில் இருந்தன. பத்து விரலிலும் தொப்பி போட்ட மாதிரி மருதாணி. கடையில் விற்கும் கூம்பு மருதாணி இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லை மரத்து இலை, கொட்டைப்பாக்கும் புளியும் சேர்த்து அம்மியில் அரைத்தது. சிவப்பு முற்றிக் கறுப்பை எட்டிப் பிடித்திருந்தது.

அந்த மருதாணி யாருக்காக வைத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அக்காவின் ஒரே மகள் நிவேதா இங்கிலாந்தில் இருக்கிறாள். ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறிப்போய் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். குழந்தையைச் சீக்கிரமே எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் அவர் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். வளைகாப்பை வீடியோ காலில் நடத்தினோம். மதுரையில் நாங்கள் அவள் போட்டோவுக்கு முன் ஏழு வகைச் சோற்றை வைத்து, வளையலை அடுக்கி, போனைப் பார்த்துப் பாடினோம். அவளுக்கு அங்கே கையில் எதுவும் வைக்க முடியவில்லை. விரலில் ஏதோ கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்ப்பார்களாம், சாயம் இருக்கக் கூடாதாம். "எனக்குப் பதிலா நீ வச்சுக்கம்மா" என்று அழுதாள். அன்றைக்கே அக்கா மரத்தடிக்குப் போய்விட்டாள். வளைகாப்புக்குக் கை சிவக்காமல் இருப்பது எங்கள் வீட்டில் ஆகாத காரியம்.

கைரேகைக்கு நேரம் கிடைத்ததோ நாங்கள் ரயிலில் வந்த அன்றைக்கு மறுநாள் காலைக்கு. ஒரு மாதமாக நான் அலுவலகக் கம்ப்யூட்டரில் திறந்து திறந்து பார்த்துப் பிடித்த நேரம் அது. விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ரேகை கொடுத்த பிறகுதான் விசா வேலையே ஆரம்பிக்கும். பிரசவத்துக்கு முன் அக்கா அங்கே போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

"அக்கா, கையைக் காட்டு" என்றேன்.

"ஏன்டி, ரயில்ல ஜோசியம் பார்க்கப் போறியா?"

தாளைக் காட்டிப் படித்துச் சொன்னேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், ரயிலிலேயே யாரோ சோதனை போட வருகிற மாதிரி.

எழும்பூரில் இறங்கி மெட்ரோவில் ஏறப் போனோம். மதுரைக்காரிகளான எங்களுக்குப் பையை எந்திரத்துக்குள் விடுவது புதிது இல்லை. மீனாட்சி கோயிலில் போனைக் கொடுத்துவிட்டு, பையைக் காட்டிவிட்டுத்தான் அம்மனையே பார்க்கிறோம். ஆனால் இங்கே எங்கள் பையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்கள். உள்ளே பழம் நறுக்க வைத்திருந்த ஒரு சின்னக் கத்தி. காவலுக்கு நின்ற பெண் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். "இது எதுக்கும்மா?" என்றாள். கொய்யாப்பழத்துக்கு என்று உண்மையைச் சொன்னேன். அவள் கொய்யாப்பழத்தைக் காட்டச் சொன்னாள். அதை ரயிலிலேயே தின்றுவிட்டிருந்தோம். கத்தி போனது. அந்தப் பெண் அக்காவின் உடம்பைத் தடவிப் பார்க்கும்போது கையைப் பார்த்து, "சூப்பரா செவந்துகீதே! வீட்டுக்காரருக்கு ரொம்பப் பிரியம் போல" என்றாள். ஒரு மணி நேரம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் அக்கா வெட்கப்பட்டிருப்பாள். இப்போது ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது போல் முழித்தாள்.

மெட்ரோவை விட்டு இறங்கி மயிலாப்பூருக்கு ஆட்டோ. டிரைவர் நாங்கள் கேட்காமலே கதை சொல்லிக்கொண்டு வந்தார். "நேரா போனா ரெண்டு நிமிசம்மா. ஆனா ரோட்ட தோண்டிப் போட்டுகிறான். சுத்திக்கினுதான் போவணும். நானே டெய்லி வயி மறந்து பூடறேன்." சுற்றினார். ஒரே பச்சைத் தகரத் தடுப்பைப் பல தடவை பார்த்த மாதிரி இருந்தது. மதுரையில் சுற்றினால் கோயில் கோபுரமாவது தெரியும், எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று புரியும். இங்கே தகரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் பதிவு செய்திருந்தது ஒரு வீட்டின் மாடி அறை. மாடவீதியைத் தாண்டி உள்ளே ஒரு சந்தில், எழுபதை ஒட்டிய ஒரு மாமி தனியாக இருக்கும் வீடு. கேட்டுக்கு மேல் கேமரா. மாமி கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "வாங்கோ, வாங்கோ" என்றார். கதவை மட்டும் திறக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதேங்கோ. ஆதாரைக் கேமராவுக்கு நேரா காட்டுங்கோ. எம் பையன் சிட்னிலேர்ந்து பார்த்துண்டிருக்கான். அவன் சரின்னாத்தான் நான் திறக்கணும்."

காட்டினோம். சிட்னியிலிருந்து பதில் இல்லை. "மீட்டிங்கில இருக்கானோ என்னமோ" என்று மாமி எங்களுக்குக் கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கம்பி வழியாகவே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தோம். தெருவில் போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தாலும் அந்த அம்மாளைப் பார்த்தால் கோபிக்கவும் முடியவில்லை. எங்களைவிட அவர்தான் தவித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பையன் சரி சொன்னான். கதவு திறந்ததும் மாமியின் கண்ணில் முதலில் பட்டது அக்காவின் கை.

"பேஷ், நன்னா பத்தியிருக்கே! என்ன விசேஷம்?"

விஷயத்தைச் சொன்னேன். மாமி உள்ளே போய் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். கத்தி அவர் வீட்டில் இருந்தது.

அக்கா பழத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவ கேட்டு வச்சதுடி இது. தேச்சு எடுக்கிறதா?"

"அக்கா, மருதாணி வேணுமா, மக வேணுமா?"

சொல்லியிருக்கக் கூடாது. பதறும்போது எனக்கு நாக்கு முன்னால் ஓடிவிடும். அக்கா தேய்க்க ஆரம்பித்தாள். எலுமிச்சை, உப்பு, பிறகு பற்பசை, பிறகு சமையல் சோடா. ஒரு மணி நேரம் ஆகியும் கறுப்பு சிவப்பானதே தவிர வேறு மாற்றம் இல்லை. மருதாணி என்றால் அழியவே கூடாது என்று வேண்டி வேண்டி அரைத்த பரம்பரை எங்களுடையது. அழிக்கும் வழி எங்களில் யாருக்குத் தெரியும்?

மாலையில் தி. நகருக்குப் போனோம். பாண்டி பஜாரில் நடக்க இடமில்லை. ஒவ்வொரு பெரிய கடை வாசலிலும் கையில் கருவியோடு ஒருவர் நின்று, மேலும் கீழுமாக ஒரு தடவு தடவித்தான் உள்ளே அனுப்பினார். ஒரு அழகு நிலையத்தைக் கண்டுபிடித்து மாடி ஏறினோம். உள்ளே இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி, "அப்பாயின்ட்மென்ட் இருக்கா மேடம்?"

விரல் நுனிக்குக் கூடவா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிக் காட்டி, இங்கிலாந்து, ஏழாம் மாதம், நாளைக் காலை என்று மூச்சு விடாமல் சொன்னேன். நாற்காலியில் முகத்தில் களிம்போடு படுத்திருந்த யாரோ ஒரு அம்மாள் கண்ணைத் திறக்காமலே, "மொதல்ல அவங்களப் பாரும்மா" என்று சொன்னார். அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

முகத்துக்குப் போடும் பிளீச்சை விரலில் அப்பி உட்கார வைத்தார்கள். சற்று நேரத்தில் அக்கா பல்லைக் கடிக்க ஆரம்பித்தாள். "எரியுதாக்கா?" என்றால் இல்லை என்று தலையை ஆட்டினாள். கழுவியபோது சிவப்பு செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போய்விடும் என்று கீழே ஒரு கடையில் குதிகால் தேய்க்கும் கல் ஒன்று வாங்கினேன். அறைக்கு வந்து ஒரு கையை அவளும் ஒரு கையை நானுமாகத் தேய்த்தோம். நிறம் வெளிறி, பார்த்தால் தெரியுமோ தெரியாதோ என்கிற அளவுக்கு வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மெஸ்ஸில் சாப்பிடப் போனோம். சாம்பார் எங்களுக்கு வழக்கம்போல் இனிப்பாக இருந்தது. ரசம் வந்ததும் அக்கா விரலை வைத்தவள் சட்டென்று எடுத்துவிட்டாள். மிளகு எரிந்திருக்கிறது. கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாழ்க்கையில் அவள் ரசம் சாதத்தைக் கரண்டியால் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வெகு முன்பாகவே விசா மையத்தின் வாசலில் நின்றோம். அங்கே எங்களைப் போல் இன்னும் பலர், ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு. உள்ளே போன், வாட்ச், பை எதற்கும் அனுமதி இல்லை. பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, அங்கேயே எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடைக்காரரை எல்லாரும் பாய் என்று கூப்பிட்டார்கள். நரைத்த தாடி. வாய் ஓயாமல் பேசினார்.

"போனு, சார்ஜரு, பவர் பேங்க்கு, தின்றது குடிக்கிறது எல்லாம் இங்க குட்த்துடுங்க. சீப்பு இருந்தாக்கூட உள்ள வுட மாட்டான். இன்னாம்மா, இப்டி வேர்த்துக்கினு நிக்கிறீங்க? பரீச்சையா எழுதப் போறீங்க? கைய வச்சா முடிஞ்சுது."

அதுதான் பாய் எங்கள் பயமே என்று சொல்ல வந்து விட்டுவிட்டேன். போனுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்.

வாசலில் ஒரு சோதனை, மாடிப்படியில் ஒரு சோதனை, உள்ளே போவதற்கு முன் இன்னொன்று. என் கர்சீப்பைக்கூட உதறிப் பார்த்தார்கள். எண் வந்தது. கூட வந்தவள் என்று என்னையும் கண்ணாடி அறை வரை விட்டார்கள். உள்ளே கழுத்தில் அட்டை தொங்க ஒரு சின்னப் பெண். அக்கா நாலு விரலையும் சேர்த்து அந்தப் பச்சை வெளிச்சத்தின்மேல் வைத்தாள். எந்திரம் ஒரு சத்தம் போட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி அதே சத்தம். இடது கை. அதே சத்தம்.

அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்துத் திருப்பி விளக்குக்குக் கீழே பார்த்தாள். "என்ன மேடம் பண்ணீங்க? தோலே இல்லையே!"

"மருதாணி இருந்துச்சு. இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே, அதான் எடுத்தோம்" என்றேன்.

"ஐயோ, மருதாணியோட வந்திருந்தாக்கூட ட்ரை பண்ணியிருப்போம் மேடம். நெறைய பேருக்கு எடுத்துடும். இப்ப ரேகையே தெரியலையே. நான் என்னத்த எடுக்க?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு நேரம் போட்டுத் தருவதாகவும், அன்றைக்கும் பதியவில்லை என்றால் புதிதாகத்தான் முன்பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னாள். "அதுவரைக்கும் கைய ஒண்ணும் பண்ணாதீங்க. தண்ணில வைக்காதீங்க, சூடு படக் கூடாது. எண்ணெய் தடவுங்க. வர்ற அன்னிக்கு மட்டும் தடவாதீங்க."

வெளியே வந்ததும் பாய், "ஆச்சா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு டோக்கனைக் கொடுத்தேன். அக்கா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்.

"நிறம் போகணும்னு சொன்ன. இப்பக் கையே போயிருச்சு."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அழுதேன். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வரை சென்னையிலேயே இருந்தோம். மதுரைக்குப் போய் வந்தால் வழியில் கை எதிலாவது பட்டுவிடும் என்று எனக்குப் பயம். அக்காவை நான் எதையும் தொட விடவில்லை. தலை வாரிவிட்டேன், புடவைக்குப் பின் குத்திவிட்டேன், சோறு ஊட்டிவிட்டேன். வாழ்நாள் முழுக்க அரிந்து, அரைத்து, பாத்திரம் தேய்த்த கை அவளுடையது. சும்மா இருக்க அதற்குத் தெரியவில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் மாமியோடு உட்கார்ந்து கீரை ஆயப் போய்விட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"கொஞ்சம் கீரைதான்டி."

"ஒரு காம்புகூடத் தொடக்கூடாது!"

மாமி தன் பங்குக்கு வெண்ணெய் கொடுத்தார். "நன்னா தடவிக்கோங்கோ. ஆனா பெட்ஷீட்ல பட்டுடாம பார்த்துக்கோங்கோ, நேத்திக்குத்தான் தோய்ச்சேன்." ஆகையால் அக்கா தூங்கும்போதும் கைகளை வயிற்றின்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு தூங்கினாள். நான் எழுந்து எழுந்து அந்த விரல்களைப் போன் வெளிச்சத்தில் பார்ப்பேன். தோல் வளர்கிறதா என்று பார்ப்பேன். சட்டி வைத்துவிட்டு மூடி மூடித் திறந்து பார்த்தால் சோறு வேகுமா? ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மாமி சொல்லித்தான் திருவான்மியூருக்குப் போனோம். "மருந்தீஸ்வரர்னு பேரே அதுதானே. போய்த் தரிசனம் பண்ணிட்டு வாங்கோ." பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. எழுந்து அவளை உட்கார வைத்தேன். கம்பியைப் பிடிக்கக் கூடாதே! பக்கத்துச் சீட்டுக்காரி, "இன்னாக்கா கையில, தீக்காயமா?" என்று கேட்டாள். அக்கா, "இல்லம்மா, மருதாணி" என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

சன்னதியில் அக்கா மகளுக்காக வேண்டிக்கொண்டாள். நான் பத்து விரலுக்கும் தனித்தனியாக வேண்டிக்கொண்டேன். இவ்வளவு சின்னதான ஒன்றை அந்த ஈஸ்வரனிடம் இதற்கு முன் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தோம். சுண்டல் வாங்கி அவள் வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது நிவேதாவின் வீடியோ கால் வந்தது. முகம் உப்பியிருந்தது. பேச்சு மெதுவாக வந்தது.

"ரேகை குடுத்துட்டியாம்மா?"

"குடுத்தாச்சுடி" என்றாள் அக்கா. ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. நான் சுண்டலை மென்றுகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மருதாணியக் காட்டேன். பாக்கணும்போல இருக்கு."

"இருடி, மொத கடலைப் பாரு. எம்புட்டுப் பெரிசு பாத்தியா" என்று அக்கா என் கையிலிருந்த போனை முழங்கையால் தள்ளிக் கடல் பக்கம் திருப்பினாள். நானும் அலை பக்கமாகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். நிவேதா கடலைப் பார்த்தாள். பிறகு, "சீக்கிரம் வந்துரும்மா. இங்க எனக்குப் பயமா இருக்கு" என்றாள். தொடர்பு துண்டானது. அக்கா இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்தபடியே குலுங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளால் முடியவில்லை. என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. அதே பாய், அதே டோக்கன். "இன்னிக்கு ஆயிடும்மா, இன்ஷா அல்லா" என்றார். "உங்கள மாதிரி எத்தினி பேரு! கல்லு ஒடைக்கிறவன்லாம் வந்து ரேகை குட்த்துட்டுப் பூட்டான். உங்களுக்கு இன்னா?" எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. போனை அணைக்காமல் அப்படியே கொடுத்துவிட்டு மாடி ஏறினோம்.

அதே சின்னப் பெண். எங்களை ஞாபகம் வைத்திருந்தாள். ஈரத் துணியால் விரலைத் துடைத்து, காய விட்டு, "அழுத்தாதீங்கம்மா, சும்மா வைங்க" என்றாள். இந்த முறை அம்மா என்றாள். வலது கை நாலு விரல். எந்திரம் யோசித்தது. நான் என் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். பதிந்துவிட்டது என்று திரையில் பச்சை. இடது கை. மோதிர விரல் மட்டும் பதியவில்லை. மறுபடி துடைத்து, அவளே அக்காவின் விரலைப் பிடித்து மெல்ல வைத்தாள். பச்சை. பிறகு இரண்டு கட்டை விரலும். பச்சை.

"முடிஞ்சுதும்மா."

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாக எதையும் தொடாத கை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

படி இறங்கும்போது அக்கா என்னை அடித்தாள். முதுகில், சின்ன வயதில் அடிப்பது போல. "எதையாவது படிச்சுட்டு வந்து சொன்னேன்னு வையி, இனிமே!" நான் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! இனி விசா வரும், டிக்கெட் போடலாம், போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தக் கணக்கெல்லாம் படி இறங்கும் நேரத்திலேயே போட்டுவிட்டேன்.

கீழே பாய் கடையை விட்டு வெளியே வந்து நின்று எங்களைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் எங்கள் போன்.

"இன்னாம்மா நீங்க, இது கத்திக்கினே கீது! வெளிநாட்டு நம்பரு. எடுக்கறதா வேணாமான்னு தெரில. வுட்டு வுட்டு அட்ச்சிக்கினே கீது."

மாப்பிள்ளையின் நம்பர். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் திருப்பிக் கூப்பிட்டேன். பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவை உட்கார வைத்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் கொஞ்சம் பொறுங்க என்று கையைக் காட்டினார்.

குழந்தை பிறந்துவிட்டது. அங்கே விடியற்காலை. அழுத்தம் மிகவும் ஏறிவிட்டதால் அவசரமாக ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். பெண் குழந்தை. எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூச்சு விடுகிறது. நிவேதா நன்றாக இருக்கிறாள். இதெல்லாம் மாப்பிள்ளை சொன்னது. "அவ பேசணும்ங்கிறா" என்று போனைக் கொடுத்தார். நான் அக்காவின் காதோரமாகப் பிடித்து, ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அம்மா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சொல்லுடி தங்கம்."

"நான் இன்னும் அவளப் பாக்கலம்மா. அவரு பாத்துட்டாரு. என்ன எந்திரிக்க விடல. இன்னிக்குப் பத்து மணிக்குத்தான் நேரம் குடுத்திருக்காங்க. வண்டில வச்சுக் கூட்டிட்டுப் போவாங்களாம். மோதிரம், வளையல் எதுவும் இருக்கக் கூடாதாம். முழங்கை வரைக்கும் கழுவிட்டுத்தான் உள்ள விடுவாங்களாம். ஒரு விரலால தொடலாம்னு சொன்னாங்க." மூச்சு வாங்கினாள். "எங் கையில ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்து, அவளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தபடி தன் விரல்களைப் பார்த்தாள். நுனியில் புதுத் தோல் வழவழவென்று இளஞ்சிவப்பாக இருந்தது.

"ஒண்ணும் ஆகாது. நல்லா சோப்புப் போட்டுக் கழுவிக்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்வது போலச் சொன்னாள். "ஆனா தேய்க்காத, என்ன? பயந்துக்கிட்டுப் போட்டுத் தேய்க்காதடி. சும்மா கழுவிட்டுப் போ. உன் கைதான அவளுக்குத் தெரியணும்."